8 வாரம், 19 பாடம், தினம் 5 மணி நேரம்: எஃப்எம்ஜிஇ அட்டவணை

மே 31, 2025

எஃப்எம்ஜிஇ என்பது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வு. அதைப் பற்றி ஒரு தங்கையின் கேள்வி இது: "அக்கா, ஜார்ஜியாவில் எம்.டி. (இங்கத்து எம்.பி.பி.எஸ். மாதிரி) முடித்து வந்திருக்கிறேன். ஜூலை 26 தேர்வு. ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான். அம்மா பார்த்துக்கொள்ளும் நேரம், அவன் தூங்கும் நேரம் எல்லாம் கூட்டினால் தினம் 5 மணி நேரம் தேறும். டெலிகிராமில் ஓடுகிற 60 நாள் அட்டவணையில் தினம் 14 மணி நேரம் போட்டிருக்கிறார்கள். டிசம்பருக்குத் தள்ளிவிடட்டுமா?"

தள்ள வேண்டாம். டிசம்பரில் பையன் இன்னும் வேகமாக ஓடுவான்.

இன்று சனி, தேர்வும் சனி. சரியாக 56 நாள். தினம் 5 என்றால் 280 மணி நேரம். இதை முதலில் தாளில் எழுதி எதிரே ஒட்டுங்கள். 19 பாடத்துக்கும் வீடியோ பார்க்க ஆரம்பித்தால் பல நூறு மணி நேரம் போகும், 280-இல் அது அடங்கவே அடங்காது. ஆகவே வீடியோ கிடையாது. ஏற்கெனவே ஒரு தடவை பார்த்த பாடங்களின் நோட்ஸ், கொஸ்டின் பேங்க், இவ்வளவுதான். அந்த 14 மணி நேர அட்டவணையைப் போட்டவர் சாப்பிட்டாரா, குளித்தாரா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

மே 31, இரவு

மதிப்பெண் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அட்டவணை அதிலிருந்துதான் வர வேண்டும்.

மொத்தம் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. இது நீட் மாதிரி இல்லை. இத்தனை சீட்டு என்று வரம்பு எதுவும் கிடையாது. 150 எடுத்த அத்தனை பேரும் பாஸ். பக்கத்து சீட்டுக்காரர் 240 வாங்கினால் நமக்கு ஒன்றும் குறையாது. இதை மனசு நம்பவே சில நாள் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ரேங்க், ரேங்க் என்றே வளர்ந்தவர்கள் நாம்.

பிரிவு இப்படி: மெடிசின் 33, சர்ஜரி 32, ஓ.பி.ஜி. (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) 30, பி.எஸ்.எம். (சமூக மருத்துவம்) 30. நாலும் சேர்ந்து 125. கண், ஈ.என்.டி., குழந்தைகள் தலா 15, ஆக 45. பேத்தாலஜி, மைக்ரோ, ஃபார்மகாலஜி தலா 13, ஃபாரன்சிக் 10, ஆக 49. அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 17, ஆக 51. மிச்சம் ஆளுக்கு ஐந்து ஐந்தாகத் தோல், மனநலம், ஆர்த்தோ, அனஸ்தீசியா, ரேடியாலஜி, ரேடியோதெரபி (இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் 19 பாடம்). 30.

முதல் நாலில் 60 சதம் எடுத்தால் 75. அந்த 45-இல் 70 சதம் எடுக்கலாம், 31. பேத்தாலஜி வகையறாவில் 60 சதம், 29. முதலாண்டுப் பாடங்களில் வெறும் 40 சதம், 20. ஐந்து ஐந்து பாடங்களில் பாதி, 15. கூட்டினால் 170. எந்த இடத்திலும் யாரையும் மிரட்டுகிற எண் இல்லை, கவனியுங்கள். எதைப் படிக்காமல் விடப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்கிறவர்களுக்கு இந்தத் தேர்வு கொஞ்சம் இரக்கம் காட்டும்.

ஜூன் 1

அட்டவணையைத் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். முன்னோக்கிப் போட்டால் எல்லோருக்கும் ஒரே கதிதான். அனாட்டமிக்குப் பத்து நாள், பி.எஸ்.எம்.முக்கு ஒன்றரை நாள்.

கடைசி 2 நாள் புதிதாக எதுவும் இல்லை. அதற்கு முன் 6 நாள் மூன்றாவது சுற்று, அதற்கும் முன் 12 நாள் இரண்டாவது சுற்று. 2 நாள் பையனுக்குக் காய்ச்சல் வருவதற்கு. சிரிக்காதீர்கள், வரும். மீதி 34 நாள் முதல் சுற்று.

அந்த 34-இல் மெடிசினுக்கு 5, சர்ஜரி, ஓ.பி.ஜி., பி.எஸ்.எம். ஆளுக்கு 4. கண், ஈ.என்.டி., குழந்தைகள் ஆளுக்கு 2. பேத்தாலஜி 3, ஃபார்மகாலஜி 2, மைக்ரோ 2, ஃபாரன்சிக் ஒரே நாள். முதலாண்டுப் பாடங்கள் மூன்றுக்கும் சேர்த்து 3 நாள். ஆமாம், மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஐந்து ஐந்து பாடங்களுக்குத் தனி நாள் கிடையாது. அவை பையன் மடியில் தூங்கும் நேரத்துக்கு, ஒரு கையால் ஃபோனில்.

5 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கட்டாயமாக முந்தின நாள் படித்ததன் கேள்விகள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது.

ஜூன் 3

ஒருவர் மறுக்கிறார்: சின்னப் பாடங்களை முதலில் முடித்தால்தான் தெம்பு வரும், எல்லா சீனியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று.

தெம்பு வரும். வாஸ்தவம். ஆனால் 8 வாரம் முன்னால் படித்த ஈ.என்.டி. தேர்வு அன்று எங்கே இருக்கும்? ரின்னி, வெபர் செவிச் சோதனைகளில் எந்தக் காதுக்கு என்ன என்று குழம்பும் கட்டத்துக்குத் திரும்பியிருக்கும். சின்னப் பாடங்கள் எளிதில் ஏறும், எளிதில் இறங்கும். நான் ஆரம்பிக்கச் சொல்வது பேத்தாலஜியில். அதில் போட்ட அஸ்திவாரம் மெடிசினிலும் சர்ஜரியிலும் பாதிச் சுமையைக் குறைக்கும். குளோமெருலோநெஃப்ரைட்டிஸ் வகைகளைப் பேத்தாலஜியில் ஒழுங்காகப் பிரித்துப் படித்தவருக்கு மெடிசினில் சிறுநீரகம் பாதி முடிந்த மாதிரி. லிம்ஃபோமாவும் அப்படியே. அப்புறம் மெடிசின், ஃபார்மகாலஜி, சர்ஜரி. கண்ணும் காதும் முதல் சுற்றின் கடைசியில்.

பி.எஸ்.எம். பற்றித் தனியாக எழுத வேண்டும். வெளிநாட்டில் படித்த நம் எல்லோருக்கும் அதுதான் கண்டம்.

ஜூன் 8

நெகட்டிவ் மார்க் உண்டா என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டுவிட்டார்கள். கிடையாது. தவறான பதிலுக்கு எதுவும் கழியாது. ஆகவே ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விட்டு வரக் கூடாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கேள்விக்கு 4 விடை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக நாலில் ஒன்று விழும். 100 கேள்வி உறுதியாகத் தெரிந்து, மிச்சம் 200-ஐக் குருட்டாம்போக்கில் குறித்தால் 50 கிடைக்கும். 100 கூட்டல் 50. கோட்டில் நிற்கிறோம். மூன்றில் ஒரு பங்கு ஒழுங்காகத் தெரிந்தால் போதும் என்று அர்த்தம்.

ஜூன் 9

நேற்றைய கணக்கைப் படித்துவிட்டு ஒரு தம்பி "அப்போ 100 போதும், சூப்பர்" என்று கிளம்பிவிட்டார். தம்பி, நில்லுங்கள்.

அந்தக் கணக்கில் "உறுதியாக" என்று ஒரு சொல் இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரியும் என்று நாம் நினைக்கிற கேள்விகளில் எத்தனை உண்மையில் சரியாகின்றன? பத்துக்கு எட்டு என்று வைத்துக்கொள்வோம். 120 கேள்வி தெரியும் என்று நினைக்கிறீர்கள், சரியாவது 96. மிச்சம் 180-இல் குருட்டு அதிர்ஷ்டம் 45. மொத்தம் 141. ஃபெயில். அதுவும் "நல்லாத்தான் எழுதினேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஃபெயில்.

மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துத் தாளில் ஒரு குறி போடுங்கள்: உறுதி, பாதி, குருடு. முடிந்ததும் உறுதிக் குறி போட்டவற்றில் எத்தனை தப்பு என்று மட்டும் எண்ணுங்கள். நம் நோய் அங்கேதான் இருக்கிறது. தெரியாதது தப்பாவதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. உறுதியாகக் குறித்துத் தப்பானவற்றை ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். என்னுடைய அந்த நோட்டில் பாதிக்கு மேல் ஃபார்மகாலஜி பக்கவிளைவுகள். நான் பலசாலி என்று நினைத்திருந்த பாடம் அது.

"பாதி" குறிக்கு இன்னொரு மரியாதை உண்டு. நாலில் இரண்டை நீக்கிவிட முடிந்தால் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிறது. 60 கேள்வியில் இப்படி இரண்டை நீக்கினால் 15-க்குப் பதில் 30. கூடுதல் 15 மதிப்பெண் என்பது ஒரு முழு ஈ.என்.டி.

ஜூன் 15

பி.எஸ்.எம்.

ஜார்ஜியாவிலோ கிர்கிஸ்தானிலோ பிலிப்பைன்ஸிலோ நமக்குச் சொல்லிக்கொடுத்த சமூக மருத்துவம் அந்த நாட்டுக்கானது. நான் பிலிப்பைன்ஸில் படித்தபோது அவர்களுடைய பரங்காய் (நம் ஊராட்சி மாதிரி) சுகாதார நிலையங்களைப் பற்றி ஒப்பித்துப் பரீட்சை எழுதினேன். இங்கே கேட்பது சமவெளியில் ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை பேருக்கு, மலைப்பகுதியில் எத்தனை பேருக்கு என்று. 30,000, 20,000. துணை சுகாதார நிலையம் 5,000, 3,000. சி.எச்.சி. (சமுதாய சுகாதார நிலையம்) 1,20,000, 80,000. குடிநீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து. இப்படி எண் எண்ணாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும். அதனால்தான் இதை முதல் சுற்றில் ஒரு தடவையும் கடைசி வாரத்தில் ஒரு தடவையும் படிக்கச் சொல்கிறேன். நடுவில் மட்டும் படித்தால் ஆவியாகிவிடும்.

கேள்வி கேட்ட தங்கைக்கு ஒரு வசதி உண்டு. பையனின் தடுப்பூசி அட்டையை எடுங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., சொட்டு மருந்து, ஹெபடைட்டிஸ் பி. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலண்ட், போலியோ சொட்டு, ரோட்டா. 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் பின்ன அளவுப் போலியோ ஊசி. அந்த 9 மாதத் தவணை 2023 ஜனவரியில்தான் சேர்ந்தது, பழைய நோட்ஸில் இருக்காது. பி.சி.வி. (நிமோகாக்கல் ஊசி) 6, 14 வாரம், பிறகு 9 மாதத்தில் பூஸ்டர். எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) 9 மாதத்தில் ஒன்று. இப்போது அவனுக்கு ஒன்றரை வயது, ஆகவே 16–24 மாதக் கட்டம்: எம்.ஆர். இரண்டாவது, டி.பி.டி. பூஸ்டர், சொட்டு மருந்து பூஸ்டர், இரண்டாவது வைட்டமின் ஏ, 2 லட்சம் யூனிட். போடவில்லை என்றால் பி.எச்.சி.க்குப் போய்ப் போடுங்கள், அப்படியே மனப்பாடமும் ஆகிவிடும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். திறந்த குப்பி எது எத்தனை நாள் தாங்கும், எதை 4 மணி நேரத்தில் கொட்ட வேண்டும் என்று அவர் சொல்லும் வேகத்துக்கு எந்த வீடியோவும் ஈடில்லை.

எச்சரிக்கை: தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டிருந்தால் அட்டை வேறு மாதிரி இருக்கும். அது குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணை, எம்.ஆருக்குப் பதில் எம்.எம்.ஆர்., தேதிகளும் வேறு. தேர்வில் கேட்பது தேசிய அட்டவணை.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

பி.எஸ்.எம்.மில் மனப்பாடம் தேவைப்படாத ஒரு மூலை உண்டு. நோய் உண்டா இல்லையா, டெஸ்ட் பாசிட்டிவா நெகட்டிவா என்ற இரண்டுக்கு இரண்டு கட்டம். சூத்திரம் வேண்டாம், ஆட்களை எண்ணுங்கள்.

1,000 பேர். 100 பேருக்கு நோய். டெஸ்டின் சென்சிடிவிட்டி 90 சதம், ஆக 90 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 900 பேரில் ஸ்பெசிஃபிசிட்டி 80 சதம், ஆக 180 பேரைச் சும்மாவே நோயாளி என்கிறது. பாசிட்டிவ் வந்தவர்கள் 270, அதில் நிஜம் 90. பி.பி.வி. (பாசிட்டிவ் வந்தவர்களில் நிஜ நோயாளிகளின் பங்கு) மூன்றில் ஒன்று. இப்போது அதே டெஸ்டை நோய் அரிதான ஊருக்குக் கொண்டு போங்கள். 1,000-இல் 10 பேருக்குத்தான் நோய். பிடிப்பது 9. சும்மா மாட்டுவது 990-இல் 20 சதம், 198. பாசிட்டிவ் 207-இல் நிஜம் 9. நாலு சதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். டெஸ்ட் மாறவில்லை, ஊர் மாறியது. பிரிவலன்ஸ் (ஊரில் நோயுள்ளவர்களின் விகிதம்) குறைந்தால் பி.பி.வி. குறையும் என்ற வரியை மறந்தாலும் இதை மறக்க மாட்டீர்கள்.

ஜூன் 22

கேள்வி கேட்ட தங்கை வீட்டில் காய்ச்சல் வந்துவிட்டதாம். பையனுக்கு வந்து, பிறகு இவருக்கும் வந்து, ஒதுக்கி வைத்த 2 நாளைத் தாண்டிவிட்டது. "அட்டவணையே கலைந்துபோச்சு, அக்கா, முதலில் இருந்து போடட்டுமா?"

போடாதீர்கள். புது அட்டவணை போடுவது போதை. எங்கள் விடுதி அறைத்தோழி ஒருத்தி கலர் பேனாவும் ஸ்கேலுமாக உட்கார்ந்து அட்டவணை போடுவாள். சுவரில் ஒட்டுவாள். இரண்டு நாள் தவறினால் கிழித்துவிட்டுப் புதிது. அவளுடைய கையெழுத்து மட்டும் பிரமாதமாக முன்னேறியது.

போன நாட்களைப் பின்னால் நகர்த்த வேண்டாம், வெட்டிவிடுங்கள். எதை வெட்டுவது? முதலாண்டுப் பாடங்களின் 3 நாளை ஒன்றாக்குங்கள். அந்த ஒரு நாளில் அனாட்டமியில் நரம்புக் காயங்கள் மட்டும்: ரேடியல் போனால் மணிக்கட்டு தொங்கும், அல்நார் போனால் விரல் கொக்கியாகும், மீடியன் போனால் கட்டைவிரல் குரங்குக் கைபோல் தட்டையாகும், காமன் பெரோனியல் போனால் பாதம் தொங்கும். பயோகெமிஸ்ட்ரியில் லைசோசோம் நோய்களும் வைட்டமின்களும். ஃபிசியாலஜியில் நுரையீரல் கொள்ளளவுகளும் இதயச் சுழற்சியும். மிச்சத்துக்குக் கும்பிடு. 51-இல் 20 என்று அன்று சொன்னேன், அதை 16 ஆக்கிக்கொள்ளுங்கள். 170 இப்போது 166. இன்னும் கரையில்தான் இருக்கிறீர்கள்.

மெடிசினின் 5 நாளில் கை வைக்காதீர்கள்.

ஜூன் 24

எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று ஒருவர். நான் மாவட்ட மைய நூலகத்தில். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 கூட்டம் காலை கதவு திறக்குமுன்னே வாசலில் நிற்கும். பையைத் தூக்கிப் போட்டு இடம் பிடிப்பார்கள். நான் அவர்களிடமிருந்து கற்றது ஒன்று. அவர்கள் யாரும் புதுப் புத்தகம் வாங்க மாட்டார்கள், ஒரே பள்ளிப் பாடநூலை நைந்துபோகும்வரை திருப்புவார்கள். நம் ஆட்கள் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது "இந்த பிடிஎஃப் யாரிடமாவது இருக்கா" என்று கேட்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டு போய்ப் படிக்கத் தனி இடம் உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

குழந்தை வைத்திருப்பவர் நூலகத்துக்குப் போக முடியாது என்பது தெரியும். மொட்டைமாடி, ஆறு மணி வெயிலுக்கு முன்னால்.

ஜூன் 29

ஃபாரன்சிக் ஒரே நாள் என்றேன். அந்த ஒரு நாளும் பழைய நோட்ஸோடு போனால் வீண். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. போய் பி.என்.எஸ்., குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று தமிழ் சினிமா பார்த்தே கற்றோம், இப்போது 103. கவனக்குறைவால் மரணம் 304ஏ இருந்த இடத்தில் 106. வரதட்சணை மரணம் 304பி இப்போது 80. போலீஸ் பிரேத விசாரணை 174 இருந்த இடத்தில் 194. கொடுங்காயம் 320 இப்போது 116, அதில் எண் மட்டும் மாறவில்லை, உள்ளடக்கமும் மாறியது: கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ 20 நாள் என்று இருந்தது 15 நாள் ஆகியிருக்கிறது. எண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் இந்த மாதிரி மாற்றத்தைத்தான் விரும்பிக் கேட்பார்கள் என்பது என் ஊகம்.

பழசு, புதுசு இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஜூலை 6

தங்கை முதல் கிராண்ட் டெஸ்ட் (முழு மாதிரித் தேர்வு) எழுதியிருக்கிறார். 128. அழுதுகொண்டே எழுதிய செய்தி என்று பார்த்தாலே தெரிகிறது.

முதல் சுற்று முடிந்த கையோடு, ரிவிஷன் இல்லாமல், 128 மோசமே இல்லை. அந்தத் தாளை எனக்கு அனுப்பினார். உறுதிக் குறிகளில் தப்பானவை 31. அந்த 31-இல் பாதி திரும்பினாலே கதை முடிந்தது. எதுவும் கடினமான விஷயமில்லை. ப்ரீ-எக்ளாம்ப்சியாவில் மெக்னீசியம் சல்ஃபேட் நச்சு ஏறினால் முதலில் மறைவது முட்டி ரிஃப்ளெக்ஸ் என்பது அவருக்குத் தெரியும், கேள்வியில் "முதலில்" என்ற சொல்லைத் தாண்டிப் போய் மூச்சுத் தளர்வைக் குறித்திருக்கிறார். இப்படி ஏழெட்டு. இது படிப்புக் குறை இல்லை, அவசரம்.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்றால், அவர் 150 கேள்வியை ஒரே மூச்சில் எழுதிப் பழகியிருக்கிறார். நிஜத்தில் அப்படி இல்லை. காலையில் 150, மதியம் 150, அதற்குள்ளும் 50 கேள்விக்கு 50 நிமிடம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பெட்டியை முடித்து நேரம் தீர்ந்தால்தான் அடுத்தது திறக்கும், திறந்தபின் முந்தையதற்குத் திரும்ப முடியாது. "கடைசியில் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்ற பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் கவிழ்வார்கள். இனிமேல் வீட்டிலும் 50, 50 ஆகவே எழுதுங்கள். 40 நிமிடத்தில் ஒரு சுற்று, 10 நிமிடம் பாதிக் குறிகளுக்கு. பையனின் பகல் தூக்கம் எவ்வளவு நேரம் என்று கேட்டேன், ஒரு மணி நேரமாம். கச்சிதம்.

ஜூலை 13

இரண்டாவது சுற்று எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் பாடத்தில் நினைவுக்கு வருவதை எல்லாம் கிறுக்குங்கள், பத்து நிமிடம். பிறகு நோட்ஸைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். சிவப்பை மட்டும் படியுங்கள். காசநோய்க்குத் தினசரி மருந்து, முதல் 2 மாதம் எச்.ஆர்.இசட்.இ. எனும் நாலு மருந்து, பின் 4 மாதம் எச்.ஆர்.இ. எனும் மூன்று என்பது கறுப்பில் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. மஞ்சள் ஹைலைட்டரால் மூன்று தடவை பூசிய பக்கம் படித்த மாதிரியே ஒரு மயக்கம் தரும், தேர்வறையில் அந்த மஞ்சள் மட்டும் ஞாபகத்தில் வரும்.

தினம் 5 மணி நேரம் என்று அன்று எழுதியிருந்தேன். கடைசி இரண்டு வாரத்தில் 7 ஆக்க முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். நான் இதை முன்பே சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்திலேயே வீட்டாரின் பொறுமையைச் செலவழித்துவிட்டால் கடைசியில் கையிருப்பு இருக்காது. கணவர் லீவு போட ஒரு வாரம்தான் முடியும் என்றால் அது ஜூலை 19 முதல் 26 வரை.

ஜூலை 19

ரீகால் பிடிஎஃப் என்ற பெயரில் ஒன்று சுற்றுகிறது. கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறார்கள், தேர்வை நடத்தும் வாரியமும் வெளியிடுவதில்லை. ஆகவே சுற்றுவது எல்லாம் யாரோ நினைவில் வைத்து, பாதி மாற்றி எழுதியது. தலைப்பு எது என்று பார்க்க மட்டும் உதவும். அதில் போட்டிருக்கும் விடைகளை நம்பாதீர்கள், நான் பார்த்த ஒன்றில் ஒரே கேள்வி இரண்டு பக்கத்தில் இரண்டு விடையோடு இருந்தது.

"பாஸ் பண்ணித் தருகிறோம், முன்பணம் போதும்" என்று ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட தரகர்களைப் பற்றி வாரியமே எச்சரிக்கை விட்டிருக்கிறது.

ஜூலை 24

இனிப் படிப்பு பற்றி எதுவும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பி.எஸ்.எம். எண்கள், தடுப்பூசி, அந்த உறுதித்தப்பு நோட்டு. மூன்றும் போதும்.

மூக்குத்தி, தோடு, மோதிரம், செயின் எதுவும் உள்ளே விட மாட்டார்கள். நெடுநாள் போட்ட மூக்குத்தியின் திருகு வாசலில் வைத்துக் கழறாது. நானே பார்த்தேன், ஒரு பெண் கண்ணில் நீரோடு சோப்புத் தண்ணீர் தேடி அலைந்தாள். நாளைக் காலையில் வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள். ஹால் டிக்கெட்டைத் தாளில் எடுங்கள், அசல் அடையாள அட்டை வையுங்கள். மையம் வேறு ஊர் என்றால் நாளை இரவே போய்விடுங்கள்.

காலைப் பகுதிக்கும் மதியப் பகுதிக்கும் நடுவே இடைவெளி நீளம். மையத்துக்குப் பக்கத்தில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம், தயிர் சாதம் கட்டிக்கொண்டு போங்கள், பிரியாணி வேண்டவே வேண்டாம். அந்த இடைவெளியில் காலைக் கேள்விகளைப் பேசும் கூட்டத்திலிருந்து விலகி உட்காருங்கள். பையனைக் கூட்டிப் போகாதீர்கள், அவன் அழுதால் உங்கள் காதில்தான் விழும்.

ஜூலை 27

தங்கை தேர்வு எழுதிவிட்டு வந்துவிட்டார். "மதியப் பகுதி மெடிசின் நீளம் நீளமாகக் கேட்டான், ஒரு பெட்டியில் கடைசி நாலைந்தைச் சும்மா குறித்தேன்." குறித்தீர்கள் அல்லவா, அது போதும்.

குழுவில் ஆளுக்கு ஆள் விடைக்குறிப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரப்பூர்வமாக எதுவும் வராது. எண்ணிப் பார்த்து என்ன ஆகப் போகிறது, தூங்குங்கள்.

ஆகஸ்ட் 16

முடிவு வந்தது. 36,034 பேர் எழுதி 6,707 பேர் தேறியிருக்கிறார்கள், ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கேள்வி கேட்ட தங்கைக்கு 163. வீட்டில் கேசரி என்றார், எனக்கு ஃபோட்டோ மட்டும் வந்தது.

அந்த 100 போதும் தம்பி 143. அவர் கேட்டது: "அதே அட்டவணையை டிசம்பருக்குப் போடட்டுமா?" வேண்டாம். 143 எடுத்தவருக்கு முதல் சுற்று தேவையில்லை. உறுதித்தப்பு நோட்டு வைத்திருந்தீர்களா என்று கேட்டேன், இல்லையாம். இப்போது இரண்டு மாதம் வேலைக்கோ வேறு எதற்கோ போய்விட்டு வாருங்கள், ஜூன் அமர்வு ஜூலையில் நடந்த மாதிரி டிசம்பர் அமர்வும் பெரும்பாலும் ஜனவரியில்தான் நடக்கிறது. சென்ற தடவை ஜனவரி 12, அதற்கு முன் ஜனவரி 20. தினம் ஒரு 50 மட்டும் விடாமல் எழுதுங்கள், குறியோடு.

தேறியவர்களுக்கு: அடுத்தது சி.ஆர்.எம்.ஐ. (கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி) இடம், மாநில மருத்துவ கவுன்சில், சான்றிதழ்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வையுங்கள், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து. எந்த முத்திரை எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பிறகு கவுண்டரில் நிற்கும்போது உதவும். இந்த வேலையை அப்பாக்களிடம் விடலாம், அவர்கள் ரசித்துச் செய்வார்கள்.